ஒரே ஒரு தடவ தொறந்த கதவு: ஜப்பானோட பனிக்காலத் தலைமுறைய வச்சு ஒரு நிகழ்வு ஆய்வு

2019ல ஜப்பான்ல, ஹியோகோ மாகாணத்துல இருக்குற தகரசுகா முனிசிபாலிட்டி ஒரு வேலை விளம்பரம் குடுத்துச்சு. மூணே மூணு போஸ்ட், சாதாரண ஆபீஸ் வேலை. ஒரே வித்தியாசம், 36லருந்து 45 வயசுக்குள்ள இருக்குறவங்க மட்டும்தான் அப்ளை பண்ணலாம். வந்து குவிஞ்ச அப்ளிகேஷன் 1,816. நாடு முழுக்க இருந்து வந்துச்சு, பரீட்சை எழுதவே 1,600 பேருக்கு மேல வந்தாங்க, கடைசில மூணுக்கு நாலா எடுத்தாங்க.

இத்தனைக்கும் அந்த வருஷம் ஜப்பான்ல வேலையில்லாதவங்க விகிதம் 2.4 சதவீதம்தான். ஆள் கெடைக்கல ஆள் கெடைக்கலன்னு கம்பெனிங்க அல்லாடிட்டு இருந்த நேரம் அது. அப்படி ஒரு நாட்டுல, நாப்பது வயசுல இருக்குற இத்தன பேரு ஒரு முனிசிபாலிட்டி கிளார்க் வேலைக்கு ஏன் இப்படி முண்டியடிக்கணும்? இவங்க இருபது வயசுல என்ன பண்ணிட்டு இருந்தாங்க? இந்தக் கேள்விய புடிச்சுட்டு பின்னாடி போனாதான் இப்ப கொரியாலயும் சீனாலயும் படிச்ச பசங்க வேலை இல்லாம வீட்டோட ஒதுங்குறது ஏன்னு புரியும், அதனாலதான் ஜப்பான முதல்ல எடுத்துக்கிட்டேன்.

ஃப்ரெஷர்ங்கிற ஒரே டிக்கெட்

ஜப்பான்ல காலேஜ் பசங்கள வேலைக்கு எடுக்குற முறை கொஞ்சம் தனி. படிப்பு முடியுறதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல முன்னாடியே வேலை தேடுற சீசன் ஆரம்பிச்சுடும், அத ஷூகாட்சுன்னு சொல்லுவாங்க. எல்லாரும் ஒரே மாதிரி கருப்பு கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்குவாங்க, ஆஃபர் கெடைச்சா அதுக்கு பேரு நைடெய், அப்புறம் மார்ச்ல படிப்பு முடிஞ்சு ஏப்ரல் 1ம் தேதி நாடு முழுக்க ஒரே நாள்ல வேலைக்கு சேருவாங்க. நம்ம ஊரு கேம்பஸ் இன்டர்வியூவ ஒரு நாடே சேர்ந்து ஒரே நேரத்துல நடத்துனா எப்படி இருக்கும், அப்படி.

இதுல நல்லது இருக்கு, அத மறைக்கக்கூடாது. கம்பெனி நீ என்ன படிச்சேன்னு பெருசா பாக்காது, அனுபவம் கேக்காது, வெள்ளத் தாளா வா நாங்க எழுதிக்கிறோம்னு எடுத்து, சொந்த செலவுல ட்ரெய்னிங் குடுத்து, ரிட்டையர் ஆகுற வரைக்கும் வச்சுக்கும், சம்பளமும் வயசோட சேந்து ஏறும். எழுபது எண்பதுகள்ல ஐரோப்பாவுல பசங்க வேலை இல்லாம திரிஞ்சப்ப ஜப்பான்ல அந்தப் பிரச்சன அவ்வளவா இல்லாததுக்கு இந்த முறைதான் பெரிய காரணம்.

ஆனா இதோட அடியில ஒரு கண்டிஷன் ஒளிஞ்சிருக்கு. நீ ஃப்ரெஷரா இருக்குறது வாழ்க்கையில ஒரே ஒரு வருஷம்தான். அந்த வருஷம் கம்பெனிங்க ஆள் எடுக்கலன்னா அடுத்த வருஷம் நீ ஃப்ரெஷரும் இல்ல அனுபவசாலியும் இல்ல, ரெண்டுக்கும் நடுவுல பேரே இல்லாத ஒரு எடத்துல நிக்குற. உன் மேல தப்பே இல்லாம, நீ பொறந்த வருஷத்தால மட்டும்.

கதவ சாத்துன வருஷங்க

1989 டிசம்பர் 29ம் தேதி டோக்கியோ பங்குச்சந்தையோட நிக்கெய் குறியீடு 38,915ல முடிஞ்சுச்சு, அந்தக் காலத்துக்கு அதுதான் உச்சி, அங்கருந்து பல வருஷம் சரிவுதான். நில விலையும் பின்னாடியே விழுந்துச்சு. கம்பெனிங்க கையில கடன் அதிகம், மெஷின் அதிகம், ஆளும் அதிகம். 1997 நவம்பர்ல ஹொக்கைடோ தகுஷோகு பேங்க்கும் யமாய்ச்சி செக்யூரிட்டீஸ்ங்கிற பங்கு தரகு கம்பெனியும் ஒரே மாசத்துல மூழ்கிப் போச்சு, அதுக்கப்புறம் யாருக்கும் புதுசா ஆள் எடுக்குற தைரியமே இல்ல.

இங்கதான் விஷயத்தோட கரு இருக்குன்னு நான் நெனக்கிறேன். ஆள் அதிகமா இருக்குன்னா ஒரு கம்பெனி என்ன பண்ணும், இருக்குறவங்கள அனுப்பும். ஜப்பான்ல அது லேசு இல்ல. பர்மனென்ட் ஆளுங்கள தூக்கணும்னா, வேற எல்லா வழியும் பாத்துட்டியான்னு கோர்ட் கேக்கும், அதுக்கு பல தீர்ப்புங்க சேர்ந்து உருவாக்குன கறாரான நிபந்தனைங்க இருக்கு. அந்த வேற வழிகள்ல முதல் வழியே புதுசா ஆள் எடுக்குறத நிறுத்துறதுதான். அப்ப ஐம்பது வயசு ஊழியரோட வேலைய காப்பாத்துறதுக்கு விலையா போனது 22 வயசு பையனோட வேலை. டோக்கியோ யுனிவர்சிட்டி பொருளாதாரப் பேராசிரியர் கெண்டா யூஜி இத அப்பவே எழுதுனாரு, ஆனா அந்த நேரத்துல ஊர்ல எல்லாரும் பேசிட்டு இருந்தது வேற, இந்தக் காலத்து பசங்களுக்கு பொறுப்பு இல்ல, அப்பா அம்மாகிட்ட ஒட்டுண்ணி மாதிரி ஒட்டிட்டு இருக்காங்கன்னுதான்.

நம்பர பாத்தா அந்தப் பேச்சு எவ்வளவு கொடுமன்னு தெரியும். 1991ல காலேஜ் முடிச்சவங்கள்ல 81.3 சதவீதம் பேர் வேலைக்கு போனாங்க, 2003ல அது 55.1 சதவீதம். ஒரு பட்டதாரிக்கு எத்தன வேலை காலி இருக்குன்னு ஒரு கணக்கு இருக்கு, 1991ல 2.86, 2000ல 0.99, அதாவது ஆளுக்கு ஒரு வேலை கூட இல்ல. பன்னெண்டு வருஷத்துல ஒரு நாட்டு பசங்களோட பொறுப்புணர்ச்சி திடீர்னு கரைஞ்சு போயிடுமா? 1993லருந்து 2004 வரைக்கும், வேலைச் சந்தையே ஒறைஞ்சு கெடந்தப்ப படிப்ப முடிச்சவங்கள பனிக்காலத் தலைமுறைன்னு ஜப்பான்ல சொல்றாங்க, மொத்தமா சுமார் 1.7 கோடி பேர். எல்லாருக்கும் வாழ்க்க கெட்டுப் போகல, நெறைய பேர் எப்படியோ தட்டித்தடுமாறி உள்ள போயிட்டாங்க. போக முடியாதவங்க கதைதான் இது.

உள்ள போக முடியாதவங்க

வேலை கெடைக்காதவங்க உடனே வீட்டுக்குள்ள போய் கதவ சாத்திக்கல, இத அழுத்தி சொல்லணும். முதல்ல கெடைச்ச வேலைய செஞ்சாங்க. கடையில பார்ட் டைம், டெலிவரி, பெட்ரோல் பங்க், இப்படி பிழைக்கிறவங்கள ஃப்ரீட்டர்னு கூப்பிட்டாங்க. 1980கள் கடைசில அந்த வார்த்த வந்தப்ப அது ஒரு ஜாலியான வார்த்த, ஆபீஸ் அடிமத்தனம் வேணாம்னு தன் இஷ்டத்துக்கு வாழுறவன்னு அர்த்தம், பத்து வருஷம் கழிச்சு அதே வார்த்த வேற வழியில்லாதவன்னு ஆயிடுச்சு. 2003ல ஃப்ரீட்டருங்க எண்ணிக்க 21.7 லட்சம்னு அரசாங்கமே கணக்கு சொல்லுச்சு.

அதே காலத்துல சட்டமும் மாறுச்சு. ஏஜென்சி மூலமா ஆள் அனுப்புறத ஹகென்னு சொல்லுவாங்க, 1980கள்ல சில குறிப்பிட்ட வேலைக்கு மட்டும்தான் அனுமதி இருந்துச்சு, 1999ல பெரும்பாலான வேலைக்கு தொறந்து விட்டாங்க, 2004ல ஃபேக்டரி உற்பத்திக்கும் விட்டாங்க. நெறைய பேர் கார் கம்பெனி, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைன்ல ஹகென் ஆளா போனாங்க, தங்குற எடமும் கம்பெனி குடுத்த ரூம்தான். 2008ல உலகப் பொருளாதாரம் விழுந்தப்ப கான்ட்ராக்ட் கட் ஆச்சு, வேலையும் வீடும் ஒரே நாள்ல போச்சு. அந்த வருஷக் கடைசில டோக்கியோ நடுவுல, மந்திரி ஆபீஸுங்களுக்கு பக்கத்துலயே இருக்குற ஹிபியா பார்க்ல தொண்டு அமைப்புங்களும் யூனியன்களும் டெண்ட் போட்டு கஞ்சி ஊத்துனாங்க, புத்தாண்ட ஒட்டி சுமார் 500 பேர் அங்க வந்து நின்னாங்க. உலகத்தோட ரெண்டாவது பெரிய பொருளாதாரமா ஜப்பான் இருந்தப்ப நடந்தது இது.

சரி, பொருளாதாரம் திரும்ப தலையெடுத்தப்ப இவங்க ஏன் உள்ள போகல? 2005, 2006ல கம்பெனிங்க மறுபடி ஆள் எடுக்க ஆரம்பிச்சுச்சு, ஆனா எடுத்தது அந்த வருஷத்து ஃப்ரெஷர. முப்பது வயசு ஆளு போய் நின்னா ரெஸ்யூம்ல இருக்குற கேப் என்னன்னு கேள்வி, பார்ட் டைம் வேலை அனுபவமே இல்லன்னு முடிவு. பர்மனென்ட் ஆளுக்குதான் ட்ரெய்னிங், இவங்களுக்கு யாரும் எதுவும் கத்துக் குடுக்கல, அதனால நாள் ஆக ஆக இடைவெளி கூடிக்கிட்டேதான் போச்சு. முன்னாடி சொன்ன கெண்டாவும், கோண்டோ அயாகோ, ஓட்டா சோய்ச்சிங்கிற ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்களும் சேர்ந்து 2010ல ஜப்பானையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு பாத்தாங்க. மந்த காலத்துல படிப்பு முடிக்கிறவனுக்கு ரெண்டு நாட்டுலயும் அடிதான், ஆனா ஜப்பான்ல, அதுவும் ஸ்கூல் படிப்போட நின்னவங்களுக்கு, அந்த அடி பத்து வருஷம் தாண்டியும் ஆறல.

2010ல அரசாங்கம் கம்பெனிங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிச்சு, படிப்பு முடிச்சு மூணு வருஷம் வரைக்கும் ஃப்ரெஷராவே நடத்துங்கன்னு. நல்ல விஷயம்தான். ஆனா 2003 பேட்ச் படிப்பு முடிச்சு அப்பவே ஏழு வருஷம் ஆயிருந்துச்சு.

தட்டுறத நிறுத்துனவங்க எந்தக் கணக்குல வருவாங்க

வேலையில்லாதவர்னு ஒருத்தர கணக்குல எழுதணும்னா அவரு வேலை தேடிட்டு இருக்கணும், இது உலகம் முழுக்க ஒரே விதி. தேடுறத நிறுத்திட்டா அவரு வேலையில்லாதவர் இல்ல, உழைப்புச் சந்தைக்கு வெளிய இருக்குறவர். அதனால என்ன ஆகும்னா, நம்பிக்க இழந்து பத்தாயிரம் பேர் வீட்டுக்குள்ள போயிட்டாங்கன்னா அந்த மாசம் வேலையில்லாதவங்க விகிதம் குறையும், டிவியில நிலம முன்னேறுதுன்னு சொல்லுவாங்க. எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப வலிக்கிற எடம் இதுதான், நம்பர் நல்லா ஆகுறதும் ஒரு மனுஷன் கைய விடுறதும் ஒரே கோட்டுல நடக்குது.

அப்படி உள்ள போனவங்கள்ல ஒரு பகுதிதான் ஹிக்கிகோமோரி. சைட்டோ தமாகிங்கிற மனநல மருத்துவர் 1998ல இந்த வார்த்தைய ஊரறிய வச்சாரு. ஆறு மாசத்துக்கு மேல வீட்டோட அடங்கி, வேலை படிப்பு எதுக்கும் போகாம, வெளி மனுஷங்க பழக்கம் கிட்டத்தட்ட இல்லாம இருக்குறவங்க. ரொம்ப நாளா இது டீனேஜ் பசங்க பிரச்சன, வீடியோ கேம் பிரச்சனன்னே எல்லாரும் நெனச்சாங்க, அரசாங்க சர்வே கூட 39 வயசோட நின்னுடும். 2019ல முதல் தடவையா 40லருந்து 64 வயசு வரைக்கும் எடுத்த சர்வே வந்துச்சு, 6.13 லட்சம் பேர்னு மதிப்பீடு. முக்காவாசிக்கு மேல ஆம்பளைங்க. பாதிக்கு கொஞ்சம் கம்மியானவங்க ஏழு வருஷம், அதுக்கும் மேல உள்ளயே இருக்காங்க. எதனால இப்படி ஆச்சுன்னு கேட்டதுக்கு வந்த பதில்கள்ல முதல் எடம் வேலைய விட்டதுக்குதான், அதுக்கப்புறம்தான் ஆளுங்களோட ஒத்துப்போகாதது, உடம்பு சரியில்லாதது எல்லாம். 2023ல வந்த சர்வேல 15லருந்து 64 வயசுக்குள்ள மொத்தம் 14.6 லட்சம், அம்பதுல ஒருத்தர்னு வச்சுக்கலாம்.

இவங்க எப்படி சாப்பிடுறாங்க? அப்பா அம்மா பென்ஷன்ல. எண்பது வயசு அம்மா அம்பது வயசு மகனுக்கு சோறு ஆக்கிப் போடுற நிலமைய ஜப்பான்ல 8050 பிரச்சனன்னு சொல்றாங்க. முன்னாடி சொன்னத இங்க சேத்துப் பாருங்க, 1990கள்ல வேலை காப்பாத்தப்பட்டது அந்த அப்பாவோடது, அதுக்காக சாத்துன கதவுக்கு வெளிய நின்னது அந்த மகன், இன்னிக்கி அந்த அப்பாவோட பென்ஷன்தான் மகனோட ஒரே வருமானம். நாடு செய்ய வேண்டியத ஒரு குடும்பம் தன் சமையக்கட்டுல செஞ்சிட்டு இருக்கு. வெளிய சொல்லவும் முடியாது. ஊரு உலகம் என்ன நெனக்கும்ங்கிறதுக்கு ஜப்பான்ல செக்கென்தெய்ன்னு தனி வார்த்தையே இருக்கு, அதுக்கு பயந்து இருபது வருஷம் பக்கத்து வீட்டுக்குக் கூட மகன் உள்ள இருக்கான்னு தெரியாம மறைச்சவங்க உண்டு.

கொரியாவுல: போன வாரம் என்ன பண்ணீங்க? சும்மா இருந்தேன்

தென்கொரியா புள்ளியியல் துறை மாசா மாசம் வீடுகள்ல கேக்குற கேள்வில, வேலையும் செய்யல தேடவும் இல்லன்னு சொல்றவங்ககிட்ட என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க. வீட்டு வேலை, குழந்த வளர்ப்பு, படிப்பு, உடம்பு முடியல, இப்படி பல பதில் இருக்கும், எதுலயும் அடங்காதவங்களுக்கு சும்மா இருந்தேன்னு ஒரு பதில். 2025 பிப்ரவரில 15லருந்து 29 வயசுக்குள்ள அந்தப் பதில சொன்னவங்க 5.04 லட்சம், இந்தக் கணக்கு 2003ல ஆரம்பிச்சதுலருந்து முதல் தடவையா அஞ்சு லட்சத்த தாண்டுச்சு.

இத்தனைக்கும் அந்த வயசுப் பசங்க படிக்காதவங்க இல்ல, 25லருந்து 34 வயசுக்குள்ள சுமார் 70 சதவீதம் பேர் காலேஜ் முடிச்சவங்க, பணக்கார நாடுங்கள்லயே அதுதான் உச்சம். பிரச்சன வேலையோட பிளவுல இருக்கு. 2023 கணக்குப்படி பெரிய கம்பெனில சராசரி மாச சம்பளம் 59.3 லட்சம் வோன், சின்ன நடுத்தர கம்பெனில 29.8 லட்சம் வோன், சரி பாதி. வேலை செய்றவங்கள்ல பெரும்பாலானவங்க இருக்குறது சின்ன கம்பெனிலதான், அங்க ஒரு தடவ சேர்ந்துட்டா பெருசுக்கு ஏறுறது ரொம்ப அபூர்வம். அப்ப ஒரு பொண்ணு, முதல் வேலையே தப்பான வேலையா போச்சுன்னா வாழ்க்க முழுக்க அங்கதான்னு தெரிஞ்சுக்கிட்டு இன்னும் ஒரு வருஷம் படிச்சு டோயிக்ங்கிற இங்கிலீஷ் பரீட்சை மார்க்கயும் சர்டிபிகேட்டயும் சேத்துக்கலாம்னு நெனச்சா, அது சோம்பேறித்தனம் இல்ல, அந்த அமைப்புக்குள்ள அவளுக்கு முன்னாடி இருக்குற சரியான கணக்கு. படிப்பே முடிச்சிருந்தாலும் பட்டம் வாங்குறத தள்ளிப் போடுற வழக்கம் கொரியாவுலயும் இருக்கு ஜப்பான்லயும் இருக்கு, ஸ்டூடன்ட்டுங்கிற பேரு போயிட்டா வேலையில்லாதவன்னு ஆயிடும், அதான் பயம்.

இன்னொரு வழி அரசு வேலை. சியோல்ல நோர்யாங்ஜின்னு ஒரு ஏரியா, முழுக்க முழுக்க அரசுத் தேர்வு கோச்சிங் சென்டரும், கட்டில் போட்டா மிச்சம் எடம் இல்லாத சின்னச் சின்ன ரூமும், நின்னுக்கிட்டே சாப்பிடுற கப் சோறு கடையும்தான். அரசு வேலையில கீழ்மட்டமான ஒன்பதாம் கிரேடு தேர்வுக்கு 2011ல ஒரு எடத்துக்கு 93 பேர் மோதுனாங்க, 2024ல அது 22 பேர் கிட்ட எறங்கிடுச்சு. பசங்களுக்கு நல்ல வேலை கெடைச்சு எறங்கல, சம்பளம் கம்மி, வேலை பளு அதிகம்னு அந்தக் கனவும் மங்கிப் போச்சு.

இங்க ஒரு விஷயத்த கவனிக்கணும். ஜப்பானோட சிக்கல் ஒரே கதவு ஒரே சீசன்னு சொன்னேன், அப்ப அந்த முறைய எடுத்துட்டா சரியாகிடுமான்னு கேட்டா கொரியா அதுக்கு பதில் சொல்லுது. ஹூண்டாய் 2019ல வருஷாந்திர மொத்த ஆள் எடுப்ப நிறுத்துச்சு, எல்ஜியும் எஸ்கேவும் பின்னாடியே போச்சு, பெருசுகள்ல சாம்சங் மட்டும் இன்னும் நடத்துது. அதுக்கு பதிலா வந்தது என்னன்னா தேவைப்படுறப்ப தேவைப்படுற ஆள எடுக்குறது, தேவைப்படுற ஆள்னா ஏற்கனவே வேலை தெரிஞ்சவன். முதல் வேலைக்கே அனுபவம் கேட்டா அந்த அனுபவத்துக்கு எங்க போறது? கதவ அகலமாக்குறேன்னு கழட்டிட்டு அந்த எடத்துல செவுரு வச்ச மாதிரி ஆயிடுச்சு. 2024ல எடுத்த சர்வேல படிப்பு முடிச்சு முதல் வேலை கெடைக்க சராசரியா 11.5 மாசம் ஆகுதுன்னு வந்துச்சு. 19லருந்து 34 வயசுக்குள்ள தனிமப்பட்டு ஒதுங்கி இருக்குறவங்க சுமார் 5.4 லட்சம்னு கொரிய சுகாதார அமைச்சகம் மதிப்பிட்டுச்சு.

சீனாவுல

சீனா கதைய சுருக்கமா சொல்றேன், ஏன்னா அது இன்னும் நடந்துட்டே இருக்கு. 1999ல காலேஜ் சீட்ட பெருசா கூட்டுனாங்க, 2001ல சுமார் 11 லட்சமா இருந்த பட்டதாரிங்க 2025ல 1.222 கோடி. இவங்க போற மாதிரியான வேலை எதுலெல்லாம் இருந்துச்சோ அது மேலயே 2021ல அடி விழுந்துச்சு, டியூஷன் தொழில ஒரே உத்தரவுல முடக்குனாங்க, நியூ ஓரியண்டல்னு ஒரே கம்பெனி 60,000 பேர அனுப்புச்சு, இன்டர்நெட் கம்பெனிங்க மேல கெடுபிடி, ரியல் எஸ்டேட் சரிவு, எல்லாம் ஒண்ணா. 2023 ஜூன்ல நகரங்கள்ல 16லருந்து 24 வயசு வேலையில்லாதவங்க 21.3 சதவீதம்னு வந்துச்சு, ஆகஸ்ட்ல அந்த நம்பர வெளியிடுறதயே நிறுத்திட்டாங்க. அப்புறம் ஸ்டூடன்ட்ஸ கழிச்சுட்டு புது கணக்குல 2023 டிசம்பருக்கு 14.9 சதவீதம்னு வந்துச்சு, 2025 ஆகஸ்ட்ல அந்தப் புது கணக்குலயே 18.9க்கு ஏறிடுச்சு. பீக்கிங் யுனிவர்சிட்டி பேராசிரியர் ஜாங் டான்டான், தேடாம வீட்ல இருக்குற சுமார் 1.6 கோடி பேரயும் சேத்தா 2023 மார்ச்ல அது 46.5 சதவீதம் வரைக்கும் வரலாம்னு எழுதுனாங்க. அவ்வளவு அதிகமாங்கிறத பத்தி விவாதம் உண்டு, ஆனா அவங்க கை வச்ச எடம் சரியான எடம், தேடாதவங்கள யாரு எண்ணுறது?

அங்கயும் ஃப்ரெஷர்ங்கிற அந்தஸ்து ஒரு டிக்கெட்தான், அரசு வேலைகள்ல நெறைய எடங்கள் அந்த வருஷம் படிப்பு முடிச்சவங்களுக்குன்னே ஒதுக்குனது. 2025க்கான மத்திய அரசுத் தேர்வுக்கு தகுதியான விண்ணப்பம் 34 லட்சத்துக்கு மேல, எடம் 39,700. டாங் பிங், அதாவது பேசாம படுத்துக்கிறதுன்னு 2021ல ஒரு வார்த்த இன்டர்நெட்ல பரவுனப்ப அரசு பத்திரிகைங்க பசங்கள திட்டுச்சு. ஜப்பான்ல 1999ல ஒட்டுண்ணின்னு சொன்ன அதே தொனி, இருபது வருஷம் தள்ளி வேற மொழில.

ஃபுஜிசாட்டோ

எல்லாத்தையும் சொல்லிட்டு இந்த ஊர சொல்லாம விட மனசு வரல. ஜப்பானோட வடக்குல அகிதா மாகாணத்துல, ஷிரகாமி மலையடிவாரத்துல ஃபுஜிசாட்டோன்னு ஒரு சின்ன ஊரு, அப்ப மக்கள் தொகை சுமார் 3,800, பாதிக்கு கிட்ட வயசானவங்க. அந்த ஊரு சமூகநல கவுன்சில்ல கிகுச்சி மயுமின்னு ஒரு பொறுப்பாளர். வயசானவங்கள பாத்துக்க வீடு வீடா போறப்ப, உள்ள வெளிய வராத பையன் ஒருத்தன் இருக்கான்னு அங்கங்க காதுல விழுந்துச்சு. ஒரு பத்து இருபது பேர் இருப்பாங்கன்னு நெனச்சு கணக்கெடுக்க போனாங்க. 18லருந்து 55 வயசுக்குள்ள 113 பேர். அந்த வயசுல பன்னெண்டு பேருக்கு ஒருத்தர் மாதிரி.

முதல்ல எல்லாரும் என்ன செய்வாங்களோ அததான் அவங்களும் செஞ்சாங்க. வந்து பேசலாம், விளையாடலாம், பொழுது போக்கலாம்னு நிகழ்ச்சி வச்சு கூப்பிட்டாங்க. கிட்டத்தட்ட யாரும் வரல. அப்புறம் ஹோம் ஹெல்பர் ட்ரெய்னிங் நடக்குதுன்னு ஒரு நோட்டீஸ் போனப்ப, வயசானவங்கள பராமரிக்கிற வேலைக்கு தகுதிச் சான்றிதழ் குடுக்குற கோர்ஸ் அது, அதுக்கு வந்தாங்க. வருஷக்கணக்கா வெளிச்சத்துல வராதவங்க வந்தாங்க. அப்பதான் கிகுச்சிக்கு புரிஞ்சுது, இவங்க ஆறுதலுக்கோ பொழுதுபோக்குக்கோ காத்துட்டு இல்ல, வேலைக்கு ஒரு வழி கேட்டு காத்துட்டு இருக்காங்க.

2010ல கொமித்தோன்னு ஒரு எடம் தொறந்தாங்க. அங்க ஒரு சாப்பாட்டுக் கட, கையால திரட்டுன சோபா நூடுல்ஸ், சமைக்கிறதும் பரிமாறுறதும் அவங்கதான். அந்த ஊரு மைத்தாக்கே காளான வச்சு கீஷ்னு ஒரு பேக்கரி அயிட்டம் செஞ்சு வித்தாங்க. ஊர்ல சின்னச் சின்ன வேலைக்கு ஆள் தேவைன்னா கொமித்தோவுக்கு சொல்லி விடலாம், பனி அள்ளுறது, புல்லு வெட்டுறதுன்னு, கூலி உண்டு. யாரும் அவங்ககிட்ட உன் ரெஸ்யூம்ல கேப் ஏன்னு கேக்கல. சில வருஷத்துலயே அந்த 113 பேர்ல 50 பேருக்கு மேல வீட்ட விட்டு வெளிய வந்தாங்க, 36 பேர் வேலைக்கு போனாங்க.

இது சின்ன ஊரு, எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், டோக்கியோல இப்படி பண்ண முடியாதுன்னு சொல்றவங்க இருக்காங்க, அதுல உண்மையும் இருக்கு. நாடு தழுவி பெருசா முயற்சி நடக்காம இல்ல, பனிக்காலத் தலைமுறைக்காக மூணு வருஷத்துல பர்மனென்ட் வேலையில இருக்குறவங்கள 3 லட்சம் கூட்டுறோம்னு 2019ல அரசாங்கம் திட்டம் போட்டுச்சு, அந்த இலக்க எட்ட முடியல, காலக்கெடுவ நீட்டுனாங்க. 25 வயசுல கத்துக்க வேண்டியத 48 வயசுல கத்துக் குடுக்க எந்தக் கம்பெனிக்கும் பொறுமை இல்ல. 2024ல படிப்பு முடிச்ச ஜப்பான் பசங்கள்ல வேலை தேடுனவங்களுக்கு 98.1 சதவீதம் கெடைச்சுடுச்சு, அதுவர இல்லாத உச்சம், ஃப்ரெஷருக்கு முதல் மாச சம்பளமே 3 லட்சம் யென்னு சில பெரிய கம்பெனிங்க போட்டி போடுது. கதவு இப்ப அகலமா தொறந்துதான் கெடக்கு, அது இன்னிக்கி 22 வயசுல இருக்குறவங்களுக்கு.

பனிக்காலத்துல மூத்தவங்க 1970ல பொறந்தவங்க, 2035ல அவங்களுக்கு 65 ஆகுது. ஜப்பான்ல அடிப்படை பென்ஷன் முழுசா வேணும்னா 40 வருஷம் கட்டியிருக்கணும், பார்ட் டைம்ல கெடந்தவங்கள்ல பல பேர் அப்படி கட்டல, முழுசா கட்டுனாலே மாசம் 70,000 யென் கிட்டதான். அதுக்குள்ள அந்த எண்பது வயசு அம்மா இருக்க மாட்டாங்க, அவங்க பென்ஷனும் நின்னுடும். ஃபுஜிசாட்டோ மக்கள் தொகை இப்ப 3,000க்கு கீழ எறங்கிடுச்சு.